வாதம் வந்த வழி – 11: ஊசி போட்ட கால்

சென்ற இதழில் வியன்னாவில் நிறுத்தியிருந்தோம். 1908இல் கார்ல் லாண்ட்ஸ்டைனரும் எர்வின் பாப்பரும், இளம்பிள்ளை வாதத்தில் இறந்துபோன ஒரு சிறுவனின் தண்டுவடத்தை அரைத்துக் குரங்குகளுக்குள் செலுத்தினார்கள். குரங்குகளுக்கும் கால் விழுந்தது. கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று தொற்றுகிறது என்பது அதோடு உறுதியாயிற்று. இந்த நோயின் கதையைச் சொல்கிறவர்கள் வழக்கமாக அங்கிருந்து கப்பல் ஏறி அமெரிக்கா போவார்கள். ரூஸ்வெல்ட்டின் சக்கர நாற்காலி, சால்க்கின் ஊசி, சேபினின் சொட்டு, சுபம். நமக்கு அவ்வளவு அவசரம் இல்லை. இந்த வாரம் உடையார்பாளையம் சீமைக்குப் போவோம்.

அந்தச் சீமையிலுள்ள வரதராஜன்பேட்டை இன்று அரியலூர் மாவட்டத்து ஆண்டிமடம் வட்டத்தில் ஒரு பேரூராட்சி. இந்த அத்தியாயம் நடக்கும் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் அது திருச்சிராப்பள்ளி மாவட்டம். பெரம்பலூர் தனி மாவட்டமானது 1995இல். அதிலிருந்து அரியலூர் நிலையாகப் பிரிந்தது 2007இல். செம்மண், முந்திரிக்காடு, கிறித்தவர்கள் நிறைந்த தெருக்கள், டான் போஸ்கோ பள்ளி. திருச்சிதான் மாவட்டத் தலைநகர் என்றாலும், பிள்ளைக்குப் பெரிதாக ஏதாவது வந்துவிட்டால் இந்தப் பக்கத்து மக்கள் கிழக்கேதான் பஸ் ஏறுவார்கள். விருத்தாசலம், நெய்வேலி தாண்டிப் பாண்டிச்சேரி. அங்கே கோரிமேட்டில் ஜிப்மர். 1964இல் அந்தப் பெயரைப் பெற்ற மத்திய அரசு மருத்துவமனை, காசு கேட்காது, கடலூர், விழுப்புரம், அரியலூர் என்று அக்கம்பக்கத்துத் தமிழ்நாடு முழுவதற்கும் அதுதான் பெரிய ஆஸ்பத்திரி.

துவண்ட காலோடு ஒரு வயது, ஒன்றரை வயதுப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அங்கே வந்து சேர்ந்த தாய்மார் சொன்ன கதை ஏறத்தாழ ஒரே அச்சில் இருக்கும். "ரெண்டு நாளா காய்ச்சலுங்க. ஊசி போட்டாந்தோம். விடிஞ்சு பாத்தா காலு தொவண்டு கெடக்கு." ஊசி போட்டதால்தான் கால் போயிற்று என்று அவர்கள் நம்பினார்கள். தமிழ்நாட்டில் ஐம்பது வயதைக் கடந்த, கால் சூம்பிய யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். பத்தில் ஏழெட்டுப் பேர் இன்றும் அதையேதான் சொல்வார்கள்: "சின்ன வயசுல காய்ச்சலுக்கு ஊசி போட்டாங்க, அதுல போச்சு."

படித்த மருத்துவர்கள் தலையை ஆட்டிவிட்டு விளக்குவார்கள். அந்தக் காய்ச்சலே போலியோவின் காய்ச்சல்தான் அம்மா. கிருமி ஏற்கெனவே உள்ளே இருந்தது. காய்ச்சல் என்பதால் ஊசி போட்டீர்கள், ஊசி போடாவிட்டாலும் கால் விழுந்துதான் இருக்கும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை.

விளக்கம் கச்சிதமாக இருக்கிறது. நானும் நெடுநாள் அப்படித்தான் புரிந்துவைத்திருந்தேன். ஆனால் இதில் பாதிதான் சரி. மறுபாதியில் சரியாக இருந்தது அந்தத் தாய்தான். மருத்துவ உலகம் அதை 1950லேயே அறிந்திருந்தது என்பதுதான் இந்த அத்தியாயத்தில் உறுத்துகிற செய்தி.

முதலில் கிருமியின் கணக்கு. போலியோ வைரஸ் வாய் வழியே போய்த் தொண்டையிலும் குடலிலும் பெருகும். மலத்தில் வெளியேறும். கழிப்பறை இல்லாத ஊரில், குளத்திலும் குடத்திலும் பிள்ளைகளின் கையிலும் ஏறி அடுத்த வாய்க்குப் போகும். குடலில் குடியிருக்கும் இந்த வைரஸ் குடும்பத்தைத்தான் என்டெரோவைரஸ் என்கிறார்கள். போலியோ அதில் மூத்த பிள்ளை, அவ்வளவே. தடுப்பு மருந்து வருவதற்கு முன்பு நம் ஊர்களில் பிறந்த குழந்தைகளில் ஏறக்குறைய எல்லாருக்கும் இரண்டு மூன்று வயதுக்குள் இந்தத் தொற்று வந்துவிடும். வந்ததே தெரியாமல் போய்விடும் என்பதுதான் விசித்திரம். தொண்ணூறு விழுக்காட்டுக்கும் மேற்பட்டோருக்கு ஒன்றுமே செய்யாது, அல்லது ஒரு சாதாரணக் காய்ச்சலோடு போய்விடும். சுமார் இருநூறு பேரில் ஒருவருக்குத்தான் வைரஸ் குடலையும் இரத்தத்தையும் தாண்டித் தண்டுவடத்துக்குள் நுழைந்து, தசைகளை ஆட்டுவிக்கும் நரம்பணுக்களைத் தின்னும். போன நரம்பணு திரும்பி வராது. அதன் கட்டளைக்குக் காத்திருந்த தசை மெலிந்து சூம்பும்.

இருநூறில் அந்த ஒன்று ஏன் இந்தப் பிள்ளை? இரண்டு காலில் ஏன் இந்தக் கால்? தாய்மார் கேட்டது இந்தக் கேள்வியைத்தான். கிருமி எது என்பது அதற்கு விடையாகாது. தெருவில் எல்லாப் பிள்ளைக்கும்தான் அந்தக் கிருமி வந்தது.

இந்தக் கேள்வி முதலில் உரக்கக் கேட்கப்பட்ட இடங்களில் ஒன்று பசிபிக் கடலில் இருக்கும் மேற்குச் சமோவா. அங்கே யாஸ் என்ற தோல் நோயை ஒழிக்கப் பிள்ளைகளுக்கு ஆர்செனிக் ஊசிகள் போட்டுக்கொண்டிருந்த காலத்தில் இளம்பிள்ளை வாதம் பரவியது. ஊசி குத்திய பக்கத்துக் கால்கள் விழுந்தன. அங்கே பணியாற்றிய மருத்துவர் லாம்பர்ட் 1936இல் இதை எழுதிவைத்தார். தீவுக் கதை என்பதாலோ என்னவோ, பெரிய நகரங்களில் யாரும் பொருட்படுத்தவில்லை.

பெரிய நகரங்களின் முறை 1949இல் வந்தது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் அந்த ஆண்டு போலியோ கடுமையாகப் பரவியது. மெல்பர்னில் பெர்ட்ரம் மெக்ளாஸ்கி என்ற மருத்துவ அதிகாரி நோயாளிகளின் வரலாறுகளைத் தோண்டியபோது, சில வாரங்களுக்கு முன் கக்குவான், தொண்டை அடைப்பான் தடுப்பூசி போட்டுக்கொண்ட பிள்ளைகளுக்கு, ஊசி போட்ட கையோ காலோதான் மற்றவற்றைவிட மோசமாக விழுந்திருந்ததைக் கண்டார். அதே சமயம் லண்டனில் கிரேட் ஆர்மண்ட் தெருக் குழந்தைகள் மருத்துவமனையின் மார்ட்டினும், செயின்ட் பாங்க்ரஸ் பகுதிச் சுகாதார அதிகாரி கெஃபனும் தனித்தனியே இதையே கவனித்திருந்தார்கள். 1950இல் மூவரின் கட்டுரைகளும் வெளிவந்தன.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த ஊசிகள் காய்ச்சலுக்குப் போட்டவை அல்ல. கொழுகொழுவென்று நலமாக இருந்த பிள்ளைக்குத் தேதி வைத்துப் போட்ட தடுப்பூசிகள். ஆகவே 'காய்ச்சல் வந்ததால்தான் ஊசி, அந்தக் காய்ச்சலே போலியோ' என்ற விளக்கம் இங்கே எடுபடாது. பனம்பழம் விழுந்ததற்குக் காக்கைதான் காரணமா என்று கண்டுபிடிக்க வேண்டுமானால் காக்கை உட்காராத பனைகளையும் எண்ண வேண்டும். அதைச் செய்தவர் ஆஸ்டின் பிராட்ஃபர்ட் ஹில். புகைப்பதற்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை ரிச்சர்ட் டாலுடன் சேர்ந்து உலகுக்குக் காட்டிய அதே புள்ளியியலாளர், அதே 1950ஆம் ஆண்டில், நோல்டனுடன் சேர்ந்து இந்தக் கேள்வியையும் எடுத்துக்கொண்டார். போலியோ வந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் இணையாக, அதே வயதில் அதே பகுதியில் போலியோ வராத ஒரு பிள்ளையைத் தேடிப் பிடித்து, இருவரும் கடைசியாக எப்போது ஊசி போட்டுக்கொண்டார்கள் என்று ஒப்பிட்டார்கள். முந்தைய ஒரு மாதத்துக்குள் ஊசி போட்டுக்கொண்டவர்கள் நோய் கண்ட பிள்ளைகளிடையேதான் வெகுவாக மிகுந்திருந்தார்கள். பழைய ஊசிகளில் அந்த வேறுபாடு இல்லை. ஊசி குத்திய அங்கமே விழுந்த அங்கமாகவும் இருந்தது. 1956இல் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் அறிக்கை இதை மீண்டும் உறுதி செய்தது. படிகாரம் சேர்த்த கூட்டுத் தடுப்பூசிகளில் இந்த ஆபத்து கூடுதல் என்றும் சொன்னது.

அதே ஆண்டுகளில் வேறு சில உண்மைகளும் இதனுடன் சேர்ந்தன. போலியோ பரவும் காலத்தில் டான்சில் அறுவை செய்துகொண்ட பிள்ளைகளுக்கு, விழுங்கவும் மூச்சுவிடவும் உதவும் நரம்புகளையே தாக்கும் கொடிய வகை வந்தது. காய்ச்சல் வந்த பிறகு ஓய்வெடுக்காமல் ஓடியாடியவர்களுக்கு வாதம் கடுமையாக இருந்ததை ஆக்ஸ்ஃபர்டில் ரிட்சி ரசல் காட்டினார். ஆகக் கிருமி மட்டும் போதாது. கிருமி உடலுக்குள் இருக்கும் அந்தச் சில வாரங்களில் தசையைக் குத்துவதும் வெட்டுவதும் வருத்துவதும் அதற்கு வழி திறந்துவிடுகின்றன.

போலியோ மாதங்களில் அவசரமில்லாத ஊசிகளைத் தள்ளிப்போடுங்கள் என்று பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அறிவுரை போயிற்று. 1955இல் சால்க் தடுப்பூசி வந்தது, சில ஆண்டுகளில் சேபினின் சொட்டு மருந்து வந்தது. பணக்கார நாடுகளில் போலியோவே மறையத் தொடங்கியது. போலியோ போன பிறகு ஊசியைப் பற்றி யார் கவலைப்படப் போகிறார்கள்? பாடப்புத்தகத்தில் ஒரு வரியாகச் சுருங்கிப் பிறகு அதுவும் உதிர்ந்தது.

சரியாக அந்த நேரத்தில்தான் ஊசி நம் கிராமங்களுக்கு வந்து சேர்ந்தது.

பெனிசிலினும் ஸ்டிரெப்டோமைசினும் செய்த மாயத்தைக் கண்ணால் கண்ட தலைமுறை அது. சீழ் பிடித்துச் சாகக் கிடந்தவன் நாலு ஊசியில் எழுந்து நடந்தான். அதன்பின் மாத்திரை எழுதிக் கொடுக்கிற வைத்தியருக்குக் காசு கொடுக்க யாருக்கும் மனம் வரவில்லை. ஊசி போடாத டாக்டர் என்ன டாக்டர்? கடைத்தெருவில் கம்பவுண்டராக இருந்து டாக்டரானவர்கள் வைத்திருந்ததெல்லாம் ஒரு பம்ப் ஸ்டவ், அதன்மேல் ஒரு ஏனத்தில் கொதிக்கும் தண்ணீர், அதற்குள் ஒரு கண்ணாடிச் சிரிஞ்சு, இரண்டு மூன்று ஊசிகள். காய்ச்சலுக்கு அனால்ஜின், சளிக்குப் பெனிசிலின், அசதிக்கு விட்டமின். பிள்ளையைக் குப்புறப் போட்டுப் புட்டத்தில் ஒன்று. குறையவில்லையென்றால் மறுநாள் மறுபக்கம் ஒன்று. எம்.பி.பி.எஸ். படித்தவரும் ஊசி போடாவிட்டால் நோயாளி எதிர்த்த கடைக்குப் போய்விடுவார் என்பதால் போட்டார்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எல்லாப் பிள்ளைகளின் குடலிலும் என்றாவது ஒரு மாதம் போலியோ வைரஸ் இருக்கிற நாடு. எல்லாக் காய்ச்சலுக்கும் ஊசி போடுகிற நாடு. இரண்டும் ஒரே பிள்ளையின் உடலில் சந்திக்காமல் இருந்தால்தான் வியப்பு. எண்பதுகளின் தொடக்கத்தில் இந்தியாவில் ஆண்டுக்கு ஏறக்குறைய 2 லட்சம் பிள்ளைகளுக்குப் போலியோவால் அங்கம் விழுந்தது என்று வழக்கமாகச் சொல்லப்படும் மதிப்பீட்டில், இந்தச் சந்திப்பின் பங்கு என்ன?

இதை விடாப்பிடியாகக் கேட்டவர் இங்கிலாந்தைச் சேர்ந்த எச். வி. வயட். ஏழை நாடுகளில் ஊசி மோகம் எப்படிப் பிறந்தது, அது போலியோவில் என்ன செய்தது என்று 1984இல் நீண்ட கட்டுரை ஒன்றை எழுதினார். அவருக்குச் சான்று தேவைப்பட்டது. சான்று இருந்த இடம் கோரிமேடு. ஜிப்மரின் குழந்தை மருத்துவர்கள் இருபது ஆண்டுக் காலம் தங்களிடம் வந்த போலியோ பிள்ளைகளின் விவரங்களைப் பதிவேடுகளில் சேர்த்துவைத்திருந்தார்கள். எந்த அங்கம், எவ்வளவு பலவீனம், எத்தனை சொட்டு மருந்து, கடைசியாக எப்போது ஊசி. பாண்டிச்சேரி அனுபவம் என்று அவர்கள் அதை 1989இல் வெளியிட்டார்கள். பிறகு எஸ். மகாதேவன், எஸ். ஸ்ரீனிவாசன் ஆகியோருடன் வயட் கூட்டுச் சேர்ந்து, இந்தியாவில் தேவையற்ற ஊசிகளும் போலியோ வாதமும் என்ற பொருளில் 1992இல் ஒரு கட்டுரை வந்தது.

நம் தாய்மாரின் பேச்சு அறிவியல் இதழொன்றில் அச்சேறியது அப்போதுதான் என்று சொல்வேன். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்ததும் எங்கே கூட்டிப் போனீர்கள், ஊசி போட்டார்களா, எந்தப் பக்கம் என்ற கேள்விகளுக்கு அவர்கள் சொன்ன பதில்கள்தானே அந்தப் பதிவேடுகள்.

வயட் இரண்டு வகை ஆபத்துகளைப் பிரித்துக் காட்டினார். ஒன்று, தொற்று வருவதற்குச் சற்று முன்போ வந்த உடனேயோ போட்ட ஊசி. வாதமே வராமல் போயிருக்கக்கூடிய பிள்ளைக்கு வாதத்தைக் கிளப்பிவிடுவது. மெல்பர்னிலும் லண்டனிலும் பார்த்தது இது. மற்றது, வாதம் தொடங்கும் தறுவாயில், அந்தக் காய்ச்சலுக்கென்றே போட்ட ஊசி. லேசாக வந்து போயிருக்கக்கூடியதை முற்ற வைப்பது. நம் ஊரில் அதிகம் நடந்தது இரண்டாவதுதான். தாய் சொன்ன வரிசையில், காய்ச்சல், ஊசி, விடிந்தால் துவண்ட கால் என்பதில், மருத்துவர் சொன்னதும் இருக்கிறது, தாய் சொன்னதும் இருக்கிறது. காய்ச்சல் போலியோவுடையதுதான். ஆனால் அந்தக் கால் அந்த அளவுக்கு விழுந்ததில் ஊசிக்கும் கை உண்டு.

ஒரு குறிப்பிட்ட பிள்ளையைக் காட்டி, ஊசி போடாமல் இருந்திருந்தால் இவன் நடந்திருப்பான் என்று யாராலும் சொல்ல முடியாது. நூறு பிள்ளைகளைச் சேர்த்துப் பார்த்தால்தான் ஊசியின் கை தெரியும். அந்த நுணுக்கத்தைத் துவண்ட காலைப் பிடித்துக்கொண்டு நிற்கும் தாயிடம் எப்படி விளக்குவது என்பது வேறு சிக்கல். சம்பந்தமில்லை என்று ஒரே சொல்லில் மறுத்த மருத்துவர்களின் தரப்பையும் நான் யோசித்துப் பார்க்கிறேன். ஊசியால் கால் போகும் என்ற பேச்சு பரவினால், கக்குவானுக்கும் ரணஜன்னிக்கும் தடுப்பூசி போட யார் வருவார்கள்? அந்தப் பயம் பொய்யில்லை. ஆனால் மறுத்ததன் விலையும் சின்னதல்ல. தடுப்பூசியைக் காப்பாற்றுகிறோம் என்ற பெயரில் தேவையில்லாத அனால்ஜின் ஊசிக்கும் நற்சான்று கிடைத்துவிட்டது. சம்பந்தமில்லை என்றால் நாளை அடுத்த பிள்ளைக்கும் போடலாம்தானே?

நற்சான்று கொடுத்திருக்கவே கூடாது என்பதற்கு ருமேனியாவிலிருந்து வந்த சான்று, நான் படித்தவற்றில் மிக அழுத்தமானது. அங்கே சொட்டு மருந்திலுள்ள பலவீனமான வைரஸாலேயே வாதம் வரும் அபூர்வ நேர்வுகள் மற்ற நாடுகளைவிடப் பல மடங்கு இருந்தன. காரணம் தேடி 1995இல் ஸ்ட்ரெபெல் குழுவினர் வெளியிட்ட கணக்கு இது: அப்படி வாதம் வந்த 31 பிள்ளைகளில் 27 பேர் முந்தைய 30 நாட்களுக்குள் தசையில் ஊசி போட்டுக்கொண்டவர்கள். ஒப்பீட்டுக்கு எடுத்த 151 பிள்ளைகளில் அப்படிப் போட்டுக்கொண்டவர்கள் 77 பேர். ஏறக்குறைய எல்லாமே ஆன்ட்டிபயாடிக் ஊசிகள். பத்தும் அதற்கு மேலும் வாங்கிய பிள்ளைகளுக்குத்தான் ஆபத்து உச்சம். ஊசி கூடக் கூட ஆபத்தும் கூடுகிறது என்றால் அங்கே தற்செயலுக்கு இடம் குறைவு.

எப்படி நடக்கிறது என்ற கடைசி முடிச்சை அவிழ்த்தவர்கள் மத்தியாஸ் க்ரோமையரும் எக்கார்ட் விம்மரும். நியூயார்க் மாநிலத்து ஸ்டோனி புரூக்கில், 1998இல். எலிக்கு இயல்பாகப் போலியோ பிடிக்காது. மனித அணுவில் போலியோ வைரஸ் பற்றிக்கொள்ளும் கொக்கியைத் தாங்கிப் பிறக்குமாறு செய்யப்பட்ட எலிகளை அவர்கள் பயன்படுத்தினார்கள். தசையை ஆட்டும் நரம்பணுவின் உடல் தண்டுவடத்தில் இருக்கிறது. அதன் நீண்ட இழை காலின் தசை வரைக்கும் ஓடுகிறது. அந்த இழைக்குள் சரக்குகள் இரு திசையிலும் போய்வரும். தசை காயப்பட்டால், பழுதுச் செய்தியைச் சுமந்துகொண்டு தசையிலிருந்து தண்டுவடத்துக்குப் போகும் போக்குவரத்து சூடுபிடிக்கிறது. இரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் வைரஸ் அந்த வண்டியில் ஏறிவிடுகிறது. குத்தப்பட்ட தசைக்கு உரிய நரம்பணுவின் வாசலிலேயே போய் இறங்குகிறது. ஊசி போட்ட காலே விழுகிற கால் ஆனது இதனால்தான்.

இதற்கு மருந்து, ஊசியை நிறுத்துவதா, வைரஸை நிறுத்துவதா? இரண்டும்தான் என்று காகிதத்தில் எழுதலாம். நடைமுறையில் தமிழ்நாடு ஊசியை நிறுத்தவில்லை, வைரஸை நிறுத்தியது. அதன் தலைமையிடம் வேலூர்.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் டி. ஜேக்கப் ஜான் அறுபதுகளில் வைரஸ் நோய்களுக்கான ஆய்வுக்கூடத்தை நிறுவியவர். சொட்டு மருந்து மூன்று தவணை கொடுத்தால் போதும் என்று மேலைநாட்டுப் புத்தகங்கள் சொன்னதை அவர் அப்படியே ஏற்கவில்லை. வேலூர்ப் பிள்ளைகளின் இரத்தத்தைச் சோதித்துப் பார்த்தார். மூன்று தவணைக்குப் பிறகும் எதிர்ப்பாற்றல் வராத பிள்ளைகள் ஏராளம். 1972இல் இதை வெளியிட்டபோது, மருந்தைக் குளிரில் சரியாக வைத்திருக்க மாட்டீர்கள், அதனால்தான் என்று சந்தேகப்பட்டவர்கள் உண்டு. மருந்து நன்றாகவே இருந்தது. வெப்ப நாட்டுப் பிள்ளைகளின் குடலில் அது சரியாகப் பிடிக்கவில்லை என்பதுதான் விஷயம். அப்படியானால் தவணைகளைக் கூட்ட வேண்டும். ஆளுக்கொரு நாளில் கொடுக்காமல், ஊரிலுள்ள அத்தனைப் பிள்ளைகளுக்கும் சில நாட்களுக்குள் ஒருசேரக் கொடுத்தால், இயற்கையாக உலவும் காட்டு வைரஸுக்கு ஒதுங்க ஒரு குடல்கூடக் கிடைக்காது. வேலூர் நகரில் அப்படிச் செய்து, போலியோ படுத்துவிட்டதை ஜான் குழுவினர் 1983இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் அறிவித்தார்கள். பன்னிரண்டு ஆண்டு கழித்து, 1995 டிசம்பர் 9 அன்று நாடு முழுக்கத் தொடங்கிய போலியோ முகாம்களின் விதை அங்கே விழுந்ததுதான். பள்ளிக்கூட வாசல், பஸ் நிலையம், கோயில் திண்ணை என்று எங்கு பார்த்தாலும் சொட்டு மருந்து. பிள்ளையின் இடது சுண்டுவிரலில் மை. அந்த முகாம்களின் முழுப் பலன் தெரியப் பல ஆண்டுகள் ஆயின. காட்டு வைரஸ் தந்த கடைசிப் போலியோ நேர்வு தமிழ்நாட்டில் 2004இல். இந்தியாவின் கடைசி நேர்வு 2011 ஜனவரி 13 அன்று, மேற்கு வங்கத்து ஹவுராவில் ஒரு சிறுமி. 2014 மார்ச் 27 அன்று உலக சுகாதார நிறுவனம் இந்தப் பிராந்தியத்துக்கே போலியோ இல்லை என்று சான்றளித்தது.

இப்போது போலியோ தடுப்பே மறுபடியும் ஊசி வடிவில் வந்திருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆறாவது, பதினான்காவது வாரங்களிலும் ஒன்பதாவது மாதத்திலும், 0.1 மில்லி, தசைக்குள் அல்ல, தோலுக்குள். இதைப் படித்துவிட்டு யாரும் அந்த ஊசியைத் தவிர்க்க வேண்டியதில்லை. அது இரத்தத்தில் எதிர்ப்பொருளை உண்டாக்கி, எந்த வண்டியிலும் வைரஸ் ஏற முடியாமல் செய்கிறது. ஆபத்தாக இருந்தது காட்டு வைரஸ் உலவிய காலத்துத் தேவையற்ற ஊசி. காட்டு வைரஸ் இன்று இங்கே இல்லை.

தேவையற்ற ஊசி மட்டும் இருக்கிறது. ஒரு காய்ச்சலுக்கு எந்தச் சின்ன ஊரிலும் போய்ப் பாருங்கள்.

போலியோ போனாலும் கால் விழுவது அடியோடு நிற்கவில்லை. பதினைந்து வயதுக்குட்பட்ட எந்தப் பிள்ளைக்குக் கை கால் திடீரெனத் துவண்டாலும் இன்றும் உடனே அறிவிக்க வேண்டும். 14 நாட்களுக்குள், ஒரு நாள் இடைவெளியில், இரண்டு மல மாதிரிகளை எடுத்துப் பனிக்கட்டியில் வைத்து அனுப்ப வேண்டும். தமிழ்நாட்டு மாதிரிகள் சென்னை கிண்டியில் கிங் நிலையத்துக்குப் போகின்றன. விசாரிக்க வருகிற அதிகாரி சமீபத்தில் ஊசி போட்டதுண்டா என்றும் கேட்கிறார், ஏனென்றால் புட்டத்தில் தவறான இடத்தில் குத்திய ஊசி நேரடியாக நரம்பையே காயப்படுத்தியும் கால் துவளும். மாதிரியில் போலியோ இல்லையென்று வருகிறது. சில சமயம் அதே குடும்பத்தின் வேறு வைரஸ் ஏதாவது தென்படுகிறது. மூத்த பிள்ளை வீட்டைவிட்டுப் போனபிறகுதான் தம்பிமார் கண்ணில் படத் தொடங்கினார்கள். கை, கால், வாய்க் கொப்புள நோயைத் தரும் என்டெரோவைரஸ் 71 அவர்களில் பொல்லாதது. 1998இல் தைவானில் அதன் பரவலில் 78 பிள்ளைகள் இறந்தார்கள், மூளைத்தண்டே தாக்கப்பட்டு. அதற்குத் தனி அத்தியாயம் வேண்டும்.

அதற்கு முன் 1971ஆம் ஆண்டுக்கு ஒருமுறை போக வேண்டியிருக்கிறது. அந்த ஆண்டு கண் சிவந்து நீர் வடியும் புதுவிதக் கண்வலி ஒன்று இந்தியாவின் ஊர்களைச் சுற்றிவந்தது. ஆப்பிரிக்காவில் கானாவில் 1969இல் கிளம்பியது. ஒரே நாளில் தொற்றும், ஒரு வாரத்தில் போய்விடும். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சில வாரங்கள் கழித்துப் பம்பாய் மருத்துவமனைகளுக்கு, இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் கடும் வலியோடும், அதன் பின்னாலேயே துவண்டுபோன தொடையோடும் சிலர் வந்தார்கள். சின்னப் பிள்ளைகள் அல்ல. பெரும்பாலும் வேலைக்குப் போகும் ஆண்கள். ஊசி எதுவும் போட்டுக்கொள்ளாதவர்கள். என்ன நடந்தது என்று கேட்டபோது, போன மாதம் கண்வலி வந்துபோனது என்பதைத் தவிர அவர்களுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. இந்த முறை எடி பரூச்சாவும் நோஷிர் வாடியாவும் நோயாளி சொன்னதைக் காதில் வாங்கினார்கள்.

(அடுத்த இதழில்: சிவந்த கண், துவண்ட தொடை)